1860-ஆம் ஆண்டு விதிகளின்படி பேஸ்பால் ஆடுவது எப்படி

பழைய காலத்துப் பேஸ்பாலை அந்தக் காலத்து விதிகளோடும் உடைகளோடும் மீண்டும் ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் போய் நிற்கும் இடம் தையற்கடை. மார்பில் பெரிய எழுத்துத் தைத்த சட்டையும், வட்டத் தொப்பியும், நடுவருக்கு உயரமான ஒரு கறுப்புத் தொப்பியும் வந்து சேர்ந்துவிட்டால் ஆட்டமும் தயாராகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆவதற்குள், முதல் பேஸை (ஓடுகிறவர் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) தொட்டுவிட்டு ஓடிய வேகத்தில் அதைத் தாண்டிப் போய்விட்ட ஒருவரைப் பந்தால் தொட்டால் அவர் அவுட்டா இல்லையா என்று வாக்குவாதம் எழுகிறது. ஒருவர் 1845-ஆம் ஆண்டு விதியைச் சொல்கிறார். இன்னொருவர் தொலைக்காட்சியில் நேற்றுப் பார்த்ததைச் சொல்கிறார். அழகான உடை அணிந்த பதினெட்டுப் பேர் வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி வேறு வரிசையில் போகிறது: முதலில் ஆண்டு, பிறகு மைதானம், பந்து, விதிகள், வெறுங்கை. உடை கடைசியில்தான்.

எந்த ஆண்டு?

"பழைய பேஸ்பால்" என்று ஒரே ஒரு ஆட்டம் இருந்ததில்லை. 1845 செப்டம்பர் 23 அன்று நியூயார்க் நகரின் நிக்கர்பாக்கர் சங்கம் இருபது விதிகளை எழுதி ஏற்றுக்கொண்டது. அவற்றின்படி முதலில் 21 ஓட்டம் எடுக்கும் அணி வெல்லும். இத்தனை இன்னிங்ஸ் என்ற கணக்கே கிடையாது. அதனால்தான் 1846 ஜூன் 19 அன்று நியூ ஜெர்சியின் ஹோபோகனில், எலிசியன் ஃபீல்ட்ஸ் என்ற புல்வெளியில் நடந்த ஆட்டம் நான்கே இன்னிங்ஸில் முடிந்தது. நிக்கர்பாக்கர்கள் 23-க்கு 1 என்று தோற்றார்கள். 1857-இல் பல சங்கங்கள் கூடி நடத்திய மாநாட்டில்தான் ஒன்பது இன்னிங்ஸ், பக்கத்துக்கு ஒன்பது பேர், பேஸ்களுக்கிடையே 90 அடி என்ற மூன்றும் உறுதியாயின. 1858-இல், நல்ல வீச்சுகளை வேண்டுமென்றே அடிக்காமல் விடுகிறவருக்கு எதிராக நடுவர் ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறியதாகக் கணக்கு) அறிவிக்கலாம் என்ற விதி வந்தது. 1864 பருவத்தில் மோசமான வீச்சுகளுக்காக, பந்து வீசுகிறவரான பிட்சரைத் தண்டிக்கும் விதியும், 1865 பருவத்தில், அடித்த பந்தைத் தரையில் படுவதற்கு முன் பிடித்தால்தான் அவுட் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தன. கையைத் தோளுக்கு மேலே தூக்கி வீசலாம் என்று நேஷனல் லீக் என்ற தொழில்முறை அணிகளின் அமைப்பு ஒத்துக்கொண்டது 1884-இல்தான். பிட்சருக்கும், அடிப்பவர் நிற்கும் ஹோம் பேஸுக்கும் இடையே இன்றுள்ள 60 அடி 6 அங்குலத் தூரம் 1893-க்கு உரியது.

இவற்றில் எதை எடுத்தாலும் முழுதாக எடுக்க வேண்டும். 1845-இன் 21 ஓட்டக் கணக்கையும், 1868-இன் முழங்கால் வரையிலான காற்சட்டையையும், 1880-களின் வீச்சையும் கலந்து ஆடினால் அது எந்த ஆண்டின் ஆட்டமும் ஆகாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் 1860-ஆம் ஆண்டைப் பரிந்துரைப்பேன். அந்த ஆண்டின் விதிகள் முழுமையானவை. விளையாட்டுச் செய்தியாளர் ஹென்றி சாட்விக் தொகுத்த பத்து சென்ட் கையேட்டின் வழியாக அவை அச்சில் பரவின. ஆட்டம் இன்றைய பேஸ்பாலின் உருவத்தை அடைந்துவிட்டது, ஆனால் முதல் துள்ளலில் பிடித்தாலும் அவுட் என்ற பழைய வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவில் இப்படி ஆடும் அணிகள் ஏராளம். நியூயார்க் மாநிலத்தின் ஓல்ட் பெத்பேஜ் கிராம அருங்காட்சியகத்திலும், ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் 1981-இல் தொடங்கிய 'ஒஹாயோ வில்லேஜ் மஃபின்ஸ்' அணியிலும் இந்த முயற்சி வேர்விட்டது. 1996-இல் இத்தகைய அணிகளுக்கென்று ஒரு சங்கமும் உருவாயிற்று. மிஷிகனின் டியர்பார்ன் நகரில் உள்ள கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் 1867-ஆம் ஆண்டு விதிகளை வைத்துக்கொண்டு ஆடுகிறது. எதிரணி வேறு ஆண்டை ஆடுவதானால், எந்த ஆண்டு என்பதை ஆட்ட நாளுக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

முற்றிலும் வேறான ஆட்டம் வேண்டுமென்றால் மாசசூசெட்ஸ் முறை இருக்கிறது. 1858-இல் டெடம் என்ற ஊரில் எழுதப்பட்ட அதன் விதிகளில் பேஸ்கள் பைகளல்ல, தரையிலிருந்து நான்கடி உயர்ந்து நிற்கும் மரக் கம்பங்கள். இடைவெளி 60 அடி. அடிப்பவர் முதல் கம்பத்துக்கும் நான்காவது கம்பத்துக்கும் நடுவில் நிற்பார். ஃபவுல் (அடித்த பந்து எல்லைக் கோட்டுக்கு வெளியே போவது) என்பதே கிடையாது, பந்து பின்னால் போனாலும் ஓடலாம். ஓடுகிறவர் மேல் பந்தை எறிந்து அடித்தால் அவர் அவுட், ஒருவர் அவுட்டானால் அணியே அவுட், நூறு ஓட்டம் எடுத்தால் வெற்றி. பந்து மூன்று அவுன்ஸைக்கூட எட்டாத எடையுடையது என்பதால் எறி பட்டாலும் பெரிதாக வலிக்காது. ஒரு முறையாவது ஆடிப் பார்க்க வேண்டிய ஆட்டம்தான். ஆனால் அதற்கு எதிரணி கிடைப்பது அரிது.

மைதானத்தை அளப்பது

நீண்ட அளவுநாடா ஒன்றும் நான்கு முளைகளும் போதும். ஹோம் பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முளையை அடித்து, அங்கிருந்து நேராக 127 அடி 3⅜ அங்குலம் அளந்தால் இரண்டாம் பேஸ் கிடைக்கும். பிறகு ஹோமிலிருந்து 90 அடியும் இரண்டாம் பேஸிலிருந்து 90 அடியும் எடுத்து, இரண்டு நாடாக்களும் வலப்புறம் சந்திக்கும் இடத்தில் முதல் பேஸையும், இடப்புறம் சந்திக்கும் இடத்தில் மூன்றாம் பேஸையும் குறித்துக்கொள்ளலாம். 1845-ஐத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. நிக்கர்பாக்கர் விதி ஹோமுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையே "42 எட்டு" என்று மட்டுமே சொல்கிறது. எட்டு (நடையில் ஒரு காலடித் தூரம்) என்பதை மூன்றடியாகக் கொண்டால் பேஸ்களின் இடைவெளி 89 அடி வரும். இரண்டரை அடியாகக் கொண்டால் 74 அடிதான். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. 1860-ஐ எடுத்தவர்கள் இந்தத் தலைவலியிலிருந்து தப்பித்தவர்கள்.

முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்கள் வெள்ளை வண்ணம் பூசிய கித்தான் பைகள்; உள்ளே மணலோ மரத்தூளோ இருக்கும். மரத்தூளே நல்லது, மணல் நிரம்பிய பையில் இடறினால் கணுக்கால் சுளுக்கும். ஹோம் பேஸ் ஐந்து மூலைப் பலகையாக ஆனது பின்னாளில்தான். 1860-இல் அது வெள்ளை பூசிய வட்டமான இரும்புத் தகடு. ஒவ்வொரு பேஸும் ஒரு சதுர அடிப் பரப்பை மூட வேண்டும் என்பது விதி. வட்டத்தில் அந்தப் பரப்பு வர வேண்டுமானால் விட்டம் ஏறக்குறைய பதின்மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும். இரும்புக்குப் பதிலாக ரப்பர் வட்டத்தை வெட்டி, தரையோடு தரையாகப் பதித்தால் விளிம்பு காலை வெட்டாது.

ஹோமிலிருந்து 45 அடியில், இரண்டாம் பேஸை நோக்கிய நேர்கோட்டின் குறுக்கே 12 அடி நீளக் கோடு ஒன்றைச் சுண்ணாம்பால் போடுங்கள். அது பிட்சரின் கோடு. பந்து கையை விட்டுப் போகும் நேரத்தில் அவருடைய எந்தக் காலும் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. அவருக்குப் பின்னால் வேறு கோடு கிடையாது என்பதால் ஓடிவந்தும் வீசலாம். 1860-களின் நடுவில் வந்த மாற்றங்கள்தான் அதைத் தடுத்தன. ஹோம் பேஸின் நடுவாக, இருபுறமும் மும்மூன்று அடிக்கு, பிட்சரின் கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடும் வேண்டும். அடிப்பவர் நிற்க வேண்டியது அந்தக் கோட்டின் மேல். மேடு எதையும் கட்டாதீர்கள். பிட்சர் நிற்பது சமதரையில். வெளிமைதானத்துக்கு வேலியும் தேவையில்லை. பந்து எவ்வளவு தூரம் உருண்டாலும் அது ஆட்டத்தில்தான் இருக்கிறது.

பந்தும் மட்டையும்

இந்த ஆட்டத்தின் குணத்தை முடிவு செய்வது பந்துதான். இன்றைய கடினமான பந்தை வெறுங்கையோடு நிற்பவர்களிடம் கொடுத்தால் முதல் நாளே விரல் முறியும். டென்னிஸ் பந்தைக் கொடுத்தால் துள்ளல் எல்லாம் பொய்யாகிவிடும். 1860-இன் பந்து ஐந்தே முக்கால் முதல் ஆறு அவுன்ஸ் எடையும், ஒன்பதே முக்கால் முதல் பத்து அங்குலச் சுற்றளவும் கொண்டது. இன்றைய பந்தைவிடச் சற்றுப் பெரியது, ஆனால் நூற்சுற்றும் தோலும் அவ்வளவு இறுக்கமில்லை. இரண்டு துண்டுத் தோல் சேர்ந்து எட்டு வடிவத்தில் தைக்கப்படும் இன்றைய உறை அதற்கில்லை. ஒரே தோலை நான்கு இதழ்களாக வெட்டி, எலுமிச்சைத் தோலை உரித்தது போல் விரித்து, உருண்டையின் மேல் மூடித் தைப்பார்கள். அதனால் அதற்கு எலுமிச்சைத் தோல் பந்து என்றே பெயர்.

இப்படிப்பட்ட பந்துகளைச் செய்து விற்பவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், வாங்கிக்கொள்வது எளிது. ஆனால் ஒரு பந்தையாவது கையால் செய்து பாருங்கள் என்பேன், ஏனென்றால் அந்தக் காலத்தில் பந்து எவ்வளவு அரிய பொருள் என்பது அப்போதுதான் உறைக்கும். நிக்கர்பாக்கர் சங்கத்தின் தலைவராகவும் 1857 மாநாட்டின் தலைவராகவும் இருந்த மருத்துவர் டேனியல் ஆடம்ஸ், தம் சங்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் தாமே பந்து செய்து கொடுத்தவர். நியூயார்க் முழுதும் தேடியும் அந்த வேலையைச் செய்ய ஆள் கிடைக்காமல், கடைசியில் ஸ்காட்லாந்துக்காரரான ஒரு சேணக்காரரிடம் போய், குதிரைத் தோலால் பந்தை மூடும் வகையைக் கற்றுக்கொண்டதாக முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். மூன்று நான்கு அவுன்ஸ் ரப்பர்த் துணுக்குகள், மேலே நூல், அதன் மேல் தோல்: அவ்வளவுதான் அவருடைய செய்முறை.

அதையே பின்பற்றலாம். ரப்பர்த் துணுக்குகளை நூலால் கட்டிச் சிறிய உருண்டையாக்கி, கம்பளி நூலைத் திசை மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டே வாருங்கள். நூலை முழு வலுவோடு இழுக்க வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும் அளவு போதும். தோலை வெட்ட ஒரு சிறு கணக்கு இருக்கிறது. நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வோர் இதழின் நீளமும் பந்தின் சுற்றளவில் பாதி. இதழின் மிக அகன்ற இடம் சுற்றளவில் கால் பங்கு. ஒன்பதே முக்கால் அங்குலப் பந்துக்கு இதழ் நீளம் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும், அகலம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். நனைத்த தோல் இழுபடும் என்பதால் இன்னும் ஓர் இழை குறைத்தே வெட்டுங்கள். தோலை ஊறவைத்து, ஈரத்தோடு உருண்டையின் மேல் இழுத்து, மெழுகு பூசிய நூலில் இரண்டு ஊசிகளைக் கோத்து விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைக்க வேண்டும். நான்கு இதழ்களின் நுனிகளும் வந்து சேரும் இடத்தில்தான் கை தடுமாறும். அங்கே ஒரு பொட்டு அளவு இடைவெளி விழுந்தால் இரண்டாவது இன்னிங்ஸிலேயே தையல் பிரியத் தொடங்கும். காய்ந்ததும் எடை போட்டுப் பாருங்கள். குறைந்தால் பிரித்து நூல் சேர்க்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

ஓர் ஆட்டத்துக்கு ஒரே பந்து. சவால் விட்ட சங்கம் அதைக் கொண்டுவர வேண்டும். பந்து புதருக்குள் போனால் எல்லோரும் சேர்ந்து தேட வேண்டும். ஆட்டம் போகப் போக அது மென்மையாகி, தையல் தளர்ந்து, கடைசி இன்னிங்ஸ்களில் எவ்வளவு அடித்தாலும் தூரம் போகாது. அது குறையல்ல, அந்த ஆட்டத்தின் இயல்பு.

மட்டைக்கு இரண்டே நிபந்தனைகள்: மரத்தால் ஆன உருண்டை வடிவம், மிகத் தடித்த இடத்தில் விட்டம் இரண்டரை அங்குலத்துக்கு மிகாமை. நீளத்துக்கு வரம்பில்லை. இன்றைய மர மட்டைகளில் சில இரண்டரை அங்குலத்தைத் தாண்டுபவை, ஆகவே அளந்து வாங்குங்கள். நுனியில் குழி வெட்டியவையும் கைப்பிடி மெலிந்தவையும் பொருந்தா. தச்சரிடம் ஆஷ் அல்லது ஹிக்கரி மரத்தில் தடித்த கைப்பிடியோடு கடைந்து வாங்கினால் கையில் வைத்த உடனேயே வித்தியாசம் தெரியும்.

விதிகளில் கால் இடறும் இடங்கள்

பிட்சர் கையைத் தோளுக்குக் கீழே வைத்து, முழங்கையை மடக்கிச் சுண்டாமல், ஊஞ்சல் போல வீச வேண்டும். அடிப்பவருக்காக, ஹோம் பேஸின் நடுவுக்கு இயன்றவரை நேராகப் பந்தைத் தர வேண்டும் என்பது விதியின் வாசகம். பந்தை மைதானத்துக்குள் கொண்டுவருவதுதான் அவருடைய வேலை, பிறகு ஆட்டம் எட்டுப் பேருடையது. இதை மீறி வேகத்தைப் புகுத்தியவர் புரூக்ளின் எக்செல்சியர் சங்கத்தின் ஜிம் கிரைட்டன். மணிக்கட்டை மறைவாகச் சுண்டுகிறார் என்று எதிரணிகள் குறைசொன்னாலும் 1860-இல் அவரைத் தடுக்க யாராலும் முடியவில்லை. உங்கள் அணியில் யாராவது கிரைட்டன் ஆக ஆசைப்பட்டால் மூன்றாவது பருவம்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அடிக்கிறவர்கள் பந்தைத் தொடவே முடியாத ஆட்டத்தில் மீதி எட்டுப் பேருக்கு வேலையில்லை.

அடித்த பந்து காற்றில் பிடிபட்டாலும் அவுட், ஒருமுறை தரையில் துள்ளிய பிறகு பிடிபட்டாலும் அவுட். ஃபவுல் பந்துக்கும் இது பொருந்தும். இதில் நுட்பமான ஒரு வேறுபாடு இருக்கிறது. காற்றில் பிடித்தால் பேஸ்களை விட்டு ஓடியவர்கள் திரும்பி வர வேண்டும். நேரான, அதாவது ஃபவுல் ஆகாத, பந்தைத் துள்ளலில் பிடித்தால் அடித்தவர் மட்டும் அவுட், ஓடுகிறவர்கள் தொடர்ந்து ஓடலாம். ஆகவே மூன்றாம் பேஸில் எதிரணிக்காரர் நிற்கும்போது, கை எரியுமே என்று அஞ்சித் துள்ளலுக்காகக் காத்திருக்கும் வெளிமைதானக்காரர் ஓர் ஓட்டத்தை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். அக்காலப் பத்திரிகைகள் துள்ளலில் பிடிப்பதை ஆண்மையற்ற செயல் என்று எழுதிவந்ததும், பல ஆண்டு வாதத்துக்குப் பின் அது ஒழிந்ததும் இந்தப் பின்னணியில்தான். ஃபவுல் பந்தைத் துள்ளலில் பிடிக்கும் வழக்கமோ நேஷனல் லீகில் 1883 வரை நீடித்தது.

பந்து முதலில் எங்கே தரையைத் தொடுகிறது என்பதே நேரா ஃபவுலா என்பதை முடிவு செய்யும். ஹோமுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் உள்ளே பட்டுவிட்டு, சுழன்று கோட்டுக்கு வெளியே ஓடிவிட்டாலும் அது நேரான பந்துதான். இதற்கென்றே மட்டையைச் சாய்த்துப் பந்தை வெட்டி அடிப்பதில் சிலர் பெயர் பெற்றார்கள். 1877-இல் விதி மாறி அந்தக் கலை அழிந்தது. மூன்றாம் பேஸ்காரர் இதை நினைவில் வைத்து, பேஸுக்கு அருகிலேயே, கோட்டை ஒட்டி நிற்க வேண்டும்.

ஃபவுல் ஆனால் பந்து செத்த பந்து. பிட்சரின் கைக்கு வந்து அமர்ந்த பிறகே மீண்டும் உயிர் பெறும். அதற்குள் பேஸ்களை விட்டு விலகியவர்கள் திரும்பியிருக்க வேண்டும், சோம்பலாக நடந்து திரும்புகிறவரைப் பிட்சர் வழியாக அவுட்டாக்கலாம். தொடக்கத்தில் சொன்ன வாக்குவாதத்துக்கும் விடை இதுதான்: 1860-இல் முதல் பேஸைத் தாண்டி ஓடும் உரிமை யாருக்கும் இல்லை. தாண்டினால், பந்தால் தொட்டவுடன் அவுட். இன்றைய பழக்கத்தில் வந்தவர்கள் இதில் திரும்பத் திரும்ப மாட்டுவார்கள். கடைசிப் பத்தடியில் வேகத்தைக் குறைக்கும் பயிற்சியைத் தனியாகவே கொடுங்கள்.

தொப்பியால் பந்தைப் பிடிக்கக் கூடாது. விளையாட்டாகச் சொல்லவில்லை, விதியிலேயே இருக்கிறது. தொப்பியால் நிறுத்திய பந்தும் பார்வையாளர் தடுத்த பந்தும் பிட்சர் கைக்குப் போய்த் திரும்பும்வரை யாரையும் அவுட்டாக்க உதவாது. இன்னொன்று: மூன்றாவது அவுட் யார் ஆனாரோ, பட்டியலில் அவருக்கு அடுத்தவரே அடுத்த இன்னிங்ஸைத் தொடங்குவார். ஓடும்போது அவுட்டானவர் மூன்றாமவர் என்றால், ஏற்கெனவே அடித்துவிட்ட ஒருவருக்கே மறுபடி முறை வரலாம். கணக்கெழுதுகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் குழப்பம்தான்.

வெறுங்கையால் பிடிப்பது

மோதிரத்தைக் கழற்றுங்கள். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகு.

கையுறை 1870-களில்தான் தலைகாட்டியது, அதுவும் விரல் வெட்டிய மெல்லிய தோலாக. 1860-க்குக் கையுறையே கிடையாது. மார்புக்கு மேல் வரும் பந்துக்கு விரல்கள் மேல்நோக்கி, கட்டைவிரல்கள் சேர்ந்து. இடுப்புக்குக் கீழ் வருவதற்கு விரல்கள் தரைநோக்கி, சுண்டுவிரல்கள் சேர்ந்து. விரல் நுனி ஒருபோதும் பந்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. பழைய ஆட்டக்காரர்களின் வளைந்த விரல்களுக்கு அதுதான் காரணம். பந்து உள்ளங்கையைத் தொடும் நொடியில் கைகளை உடம்பை நோக்கிப் பின்னிழுத்து, பாலேட்டில் விழுந்த காய் போல அமுங்க விட வேண்டும். கையை விறைப்பாக நீட்டினால் பந்து தெறித்துவிடும், அன்று மாலை தம்ளரைப் பிடிப்பதும் சிரமமாக இருக்கும்.

பயிற்சியைப் பத்து எட்டுத் தூரத்தில், தாழ்ந்த வீச்சில் தொடங்கி, இரண்டு வாரங்களில் முப்பது எட்டுக்குக் கொண்டுபோகலாம். துள்ளலைத் தனியாகப் பழக வேண்டும். பந்து தரையில் பட்டு எழும்பும் இடத்துக்குப் பாயாமல், இரண்டடி பின்னால் நின்று, அது உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது எடுப்பதே எளிது. வெட்டுப்பட்ட பந்து துள்ளும்போது பக்கவாட்டில் விலகும். சுழற்சியைப் பார்த்து ஓர் எட்டு முன்கூட்டியே நகர வேண்டும். தவறவிட்ட பந்துக்கு 'மஃப்' என்றும், அடிக்கடி தவறவிடுகிறவருக்கு 'மஃபின்' என்றும் அன்று பெயர். ஒஹாயோ அணியினர் அதைத் தாங்களே சூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் தனிக் கவனத்துக்குரியவர். முகக்கவசம் 1870-களின் பிற்பகுதியில்தான் வந்தது. அதனால் பேஸ்கள் காலியாக இருக்கும்போது அவர் ஹோமிலிருந்து நன்றாகப் பின்தள்ளி நின்று, பந்தைத் துள்ளலில் எடுக்க வேண்டும். மட்டையின் விளிம்பில் உரசி வரும் பந்தைத் துள்ளலில் பிடித்தாலும் அவுட் என்பதால் பின்னால் நிற்பது அவருக்கு இழப்புமல்ல. எதிரணிக்காரர் பேஸில் இருக்கும்போது மட்டும் சற்று முன்னே வரலாம், அதுவும் அனுபவம் இருந்தால்.

நடுவர்

ஒரே ஒரு நடுவர். அவர் கேட்சருக்குப் பின்னால் குனிந்து நிற்பவரல்ல. ஹோமுக்குப் பக்கவாட்டில், பந்து வராத தூரத்தில், வேண்டுமானால் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு இருப்பவர். ஃபவுலை மட்டும் கேட்காமலே உரக்க அறிவிக்க வேண்டும். அவர் மௌனமாக இருந்தால் பந்து நேரானது, ஓடலாம். அடிப்பவர் நல்ல வீச்சுகளை வேண்டுமென்றே விட்டுக்கொண்டே இருந்தால் முதலில் எச்சரிக்கை, பிறகே ஸ்ட்ரைக். இந்தப் பொறுமை இல்லாதவரை நடுவராகப் போடாதீர்கள். வசைச்சொல்லுக்கு அபராதம் போடும் வழக்கமும் கற்பனையல்ல: 1846 ஜூன் 19 ஆட்டத்தின் கணக்கேட்டிலேயே ஒருவருக்கு ஆறு சென்ட் அபராதம் பதிவாகியிருக்கிறது. ஓட்டம் எடுத்தவர் கணக்கு மேசைக்குப் போய் மணி அடிப்பது இன்றைய அணிகள் சிலவற்றில் உண்டு. பார்வையாளருக்கு அது பிடிக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது உடை

நிக்கர்பாக்கர் சங்கம் 1849-இல் ஏற்றுக்கொண்ட உடை நீலக் கம்பளிக் காற்சட்டை, வெள்ளை ஃபிளானல் சட்டை, வைக்கோல் தொப்பி. 1860-ஐ ஆடுகிறவர்களுக்கு வைக்கோல் தொப்பி கொஞ்சம் பழையது. குட்டை முகப்புள்ள துணித் தொப்பியே பொருத்தம். சட்டையின் முன்புறத்தில் பித்தான்களால் மாட்டும் மார்புத்துண்டு ஒன்றும், அதன் நடுவில் சங்கத்தின் முதலெழுத்தும் இருக்கும்; அந்தக் காலத்துத் தன்னார்வத் தீயணைப்புப் படையினரின் சட்டையை ஒத்த வெட்டு அது. காற்சட்டை கணுக்கால்வரை நீள வேண்டும். முழங்காலோடு நின்று கீழே வண்ணக் காலுறை தெரியும் உடையைச் சின்சினாட்டி அணி 1868-இல்தான் புகழ்பெறச் செய்தது, அந்த அணிக்கு 'ரெட் ஸ்டாக்கிங்ஸ்' என்ற பெயரே அதனால் வந்தது. 1860 ஆட்டத்தில் அந்தக் காற்சட்டையைப் பார்த்தால், விவரம் தெரிந்தவர் கண்ணுக்கு அதுவே முதலில் உறுத்தும்.

சட்டையின் முதுகில் எண்ணோ பெயரோ வேண்டாம். ஜிப், இழுவைப் பட்டை இரண்டுக்கும் பதிலாகப் பித்தானும் அகன்ற தோல் பெல்ட்டும். கழுத்தில் சிறு பட்டி கட்டுவது விருப்பம். முழுக் கம்பளியில் தைத்தால் உண்மைக்கு நெருக்கம், ஆனால் வெயிலில் அது ஒரு தண்டனை. மெல்லிய கம்பளியையோ தடித்த பருத்தியையோ எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது, மயங்கி விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். காலில் கணுக்காலை மூடும் சாதாரணத் தோல் காலணி போதும். கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும் மைதானத்துக்குள் வர வேண்டாம். பார்வைக் கண்ணாடி அணிகிறவர்கள் மெல்லிய கம்பிச் சட்டத்தைத் தேடிக்கொள்ளலாம். மீசையைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் எதிரெதிரே வரிசையாக நின்று, ஒன்றை ஒன்று வாழ்த்தி மூன்று முறை முழங்க வேண்டும். பிறகு தோற்ற அணியின் தலைவர் பந்தை வென்ற அணியின் தலைவரிடம் கொடுப்பார். ஆடிய பந்து வென்ற சங்கத்தின் சொத்து என்பது 1860 விதிகளில் எழுதியே இருக்கிறது. அந்தக் காலத்துச் சங்கங்கள் அந்தப் பந்துக்கு வண்ணம் பூசி, ஆட்ட நாளையும் ஓட்டக் கணக்கையும் எழுதி, கண்ணாடிப் பேழையில் வரிசையாக அடுக்கி வைத்தன. தையல் பிரிந்திருந்தால் வண்ணம் பூசுவதற்கு முன் இரண்டு தையல் போட்டுக்கொள்ளுங்கள்.